மச்சான் குடிக்காத கோலா

என் அக்கா பஷ்கு யார் வீட்டுக்கும் பெண் கேட்டுப் போனவள் இல்லை. நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னவளும் இல்லை. ஆனாலும் எங்கள் யாஷல்வோவிலும், சியாபாஸ் மலையில் அதைச் சுற்றிக் கிடக்கும் மற்றக் குடியிருப்புகளிலும், கொஞ்ச வருடங்களாக முடிந்த கல்யாணங்களில் பாதி அவள் தொண்டை வழியாக இறங்கித்தான் முடிந்தன. எப்படி என்று கேட்பீர்கள். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. இருந்தாலும் சொல்கிறேன்.

பெண் கேட்டுப் போனது அவள் புருஷன் மத்தேஷ் மச்சான். அவருக்கு வாய்தான் சொத்து. பெண் கேட்கப் போகிறவர்கள் தாங்களே பேசக் கூடாது, பேசத் தெரிந்த ஆளைக் கூட்டிப்போக வேண்டும். அந்த ஆள் விடிகிற நேரத்தில் பெண் வீட்டு வாசலில் மண்டியிட்டு, பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்ததை முன்னால் வைத்துப் பேச ஆரம்பிப்பான். பெண்ணைப் பெற்றவன் மாட்டேன் என்பான். அவள் சின்னப் பிள்ளை, நெய்யத் தெரியாது, ரொட்டி தட்டத் தெரியாது, சோம்பேறி என்று பெற்ற மகளையே மட்டம் தட்டுவான். மச்சான் விடமாட்டார். கடைசியில் பெற்றவன் கையை நீட்டி ஒரு கிண்ணத்தை வாங்கிக் குடித்துவிட்டால் பெண் கொடுத்த மாதிரி. அப்புறம் வந்தவர்கள் எல்லோருக்கும் வயதுப்படி கிண்ணம் சுற்றிவரும். ஆண்களுக்கு முதலில், பெண்களுக்குக் கடைசியில். வேண்டாம் என்று சொன்னால் அந்தக் கல்யாணத்தையே வேண்டாம் என்று சொன்னதாகிவிடும்.

அந்தக் கிண்ணத்தில் முன்பெல்லாம் ஊற்றியது போஷ், கரும்புச் சாராயம். மச்சான் ஊருக்கெல்லாம் பெண் கேட்டுக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அக்காவை அடிப்பார். பொய் சொல்லக் கூடாது, நல்லா அடிப்பார். ஒரு தடவை அவள் முன்பல் போனது. நான் அரிவாளோடு போனேன், அவளே நடுவில் வந்து நின்றுகொண்டாள். அதற்கப்புறம் காலம் மாறியது. சாராயம் வேண்டாம் என்று ஜபக்காரர்கள் சொன்னார்கள், சாமியார்கள் சொன்னார்கள், பெண்கள் எல்லோரும் சொன்னார்கள். சாராயத்துக்குப் பதிலாகக் கோலா வந்தது. அதுவும் பெட்டியில் வருகிறது, அதுவும் பொங்குகிறது, ஏப்பம் வந்தால் உள்ளே இருக்கிற கெட்டது வெளியே போகிறது என்று நோய் தீர்க்கிறவர்களும் ஒப்புக்கொண்டார்கள். அக்கா தேவாலயத்தில் மெழுகுவர்த்தி வைத்து அழுதாள், சந்தோஷத்தில். புருஷன் தள்ளாடாமல் நடந்து வீட்டுக்கு வருகிறார், சிரித்துக்கொண்டு வருகிறார். இதைவிட ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும்.

அந்தப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனது என் வண்டி. பின்பக்கம் திறந்த பழைய லாரி, ஆளும் ஏறும் சரக்கும் ஏறும். அதனால் இந்த மலை எதைச் சாப்பிடுகிறது என்பது எனக்குத் தெரியும். மலை இறங்கும்போது அவரைப் பயறும் சோளமும் போகும், திரும்பும்போது நூடுல்ஸ் டப்பா, சிப்ஸ், சர்க்கரை தூவிய ரொட்டி, கோலா எல்லாம் ஏறிவரும். சொந்த அவரையை விற்று நூடுல்ஸ் வாங்குகிறார்கள். ஆண்கள் பூப்பண்ணைக்கும் கொத்து வேலைக்கும் போய்விட்டால் காட்டை யார் கொத்துவது? பழைய சாப்பாடு அமிர்தம் என்று நான் சொல்ல வரவில்லை. சோள மாவுக் கரைசலைக் குடித்து வளர்ந்தவர்கள்தான் நாங்கள். ஓடைத் தண்ணீரில் கரைத்த அதே கரைசலைக் குடித்து என் தம்பிகள் இரண்டு பேர் வயிற்றால் போய்ச் செத்தார்கள். குழாய் போட்டுக் கொடுத்தார்கள், அதைத் திறந்தால் காற்று வருகிறது. புட்டியில் இருப்பது சுத்தம் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். தப்பு என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நானே சண்டைக்குப் போயிருப்பேன்.

மச்சானுக்குக் குதிகாலில் ஒரு புண் வந்து ஆறவே இல்லை. நகரத்து ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். பூவெப்லா நகரத்திலிருந்து வந்த இளவயது டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை நோய், இப்படியே கோலா குடித்தால் இந்தக் காலை எடுக்க வேண்டிவரும் என்றார். அவர் ஸ்பானிஷில் சொன்னதை நான் எங்கள் பாஷையில் சொன்னேன். அக்கா பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், கறுப்புக் கம்பளிப் பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டபடி. அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஊரே மச்சான் காலைப் பற்றித்தான் பேசியது. வாய் இருந்து கால் போனால் யார் மண்டியிட்டுப் பெண் கேட்பது? அப்போதுதான் அவருக்குப் புனல் நினைவுக்கு வந்தது. சாராயக் காலத்து வழி அது. போதை தலைக்கேறுகிறவன் கிண்ணத்தை வாங்கி உதட்டில் தொட்டுவிட்டு, பையில் வைத்திருக்கும் புட்டியில் புனல் வைத்து ஊற்றிக்கொள்ளலாம். குடித்த மாதிரிதான் கணக்கு, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மச்சான் கடைத்தெருவில் ஒரு பிளாஸ்டிக் புனல் வாங்கினார். எண்ணெய் வந்த கேன் ஒன்றைக் கழுவி வலைப்பையில் போட்டுக்கொண்டார். மறுபடியும் பெண் கேட்கப் போனார். உதட்டில் தொட்டார், ஊற்றினார், தொட்டார், ஊற்றினார். மூடியைத் திருகி வீட்டுக்குக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தார்.

இங்கேதான் எங்கள் ஜனத்தின் புத்தி. அது வெறும் கோலா இல்லை. அதன் மேல் வார்த்தை விழுந்திருக்கிறது. இன்னார் மகளை இன்னார் மகனுக்குக் கொடுத்தேன் என்ற பேச்சு அதில் கலந்திருக்கிறது. கீழே கொட்டினால் அந்தப் பிள்ளைகள் குடும்பம் கொட்டிப்போகும். பன்றிக்கு ஊற்ற முடியாது. பக்கத்து வீட்டுக்கும் கொடுக்க முடியாது, கேனில் கொண்டுவந்தவன் வீட்டிலேயே தீர வேண்டும். அந்த வீட்டில் இருந்தது அவர்கள் இரண்டு பேர். மகள் லோஷா பூப்பண்ணையிலேயே தங்கி வேலை செய்தாள், ஞாயிற்றுக்கிழமை வந்து போவாள். அக்கா குடித்தாள்.

விருப்பப்பட்டுக் குடித்தாள் என்று நினைக்க வேண்டாம். காற்றுப் போன, சூடேறிய, எண்ணெய் வாடை அடிக்கிற கோலா. ரொட்டி சுடும்போது ஒரு கிண்ணம், தறியில் உட்காரும்போது ஒரு கிண்ணம். ஒரு தடவை நான் போனபோது கண்ணை மூடிக்கொண்டு மருந்து மாதிரி விழுங்கிக்கொண்டிருந்தாள். பிடிக்காவிட்டால் எதற்குக் குடிக்கிறாய் என்று கேட்டேன்.

"மானுவல் மகளோடதுடா இது. அந்தப் பொண்ணு இப்பத்தான் உண்டாயிருக்கா. நான் கீழ கொட்டிட்டு, அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அவளுக்கு ஒன்றும் வராது என்றுதான் நானும் நினைத்தேன். சர்க்கரை என்பது மச்சான் மாதிரி தொந்தி வைத்தவர்களுக்கு வருவது. அக்கா விறகுக்குச்சி மாதிரி இருந்தாள், அதைவிட மெலிந்துகொண்டே போனாள். எப்போதும் தாகம் என்பாள். தாகம் என்றால் வீட்டில் இருப்பதைத்தானே குடிக்க வேண்டும். ஓடை கீழே கிடக்கிறது, கேன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

மச்சான் புண் ஆறியது. டாக்டரம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். காத்திருந்த நோயாளிகளுக்கு நடுவில் அவரை எழுப்பி நிறுத்தி, இந்தப் பெரியவரைப் பாருங்கள், மனம் வைத்தால் முடியும் என்று சொன்னார். மச்சான் தொப்பி நாடாக்களைச் சரிசெய்துகொண்டு கல்யாண மாப்பிள்ளை போல நின்றார். அக்காவும் சிரித்தாள். முன்பல் இல்லாத சிரிப்பு. அந்த டாக்டரம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், அவர் பார்க்கிற கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு முன்னால் நின்றது கால் புண்ணோடு வந்த ஆள். கூட வந்தவள் கூட வந்தவள்தான்.

அப்புறம் ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் பெண்களுக்குச் செருப்புப் பழக்கம் கிடையாது. ஏதோ தீய்கிற வாடை வந்தது. ரொட்டி என்று நினைத்தேன், ரொட்டி நன்றாகத்தான் இருந்தது. பார்த்தால் அடுப்பிலிருந்து உருண்ட கங்கு ஒன்று அவள் வலது காலின் சுண்டுவிரல் மேல் கிடக்கிறது. அவள் அடுத்த உருண்டையை எடுத்துத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

"அக்கா, கால்."

"என்ன கால்?"

நான் கங்கைக் கையாலேயே தட்டிவிட்டேன். என் விரல் பொசுங்கியது, நான் கத்தினேன். அவள் என் கையைப் பிடித்து ஊதினாள். தன் காலை அப்புறம்தான் பார்த்தாள், வேறு யாருடைய காலையோ பார்ப்பது மாதிரி.

அப்போதும் உடனே போனோமா என்றால் இல்லை. பச்சிலை கட்டினாள், கறுப்புக் கோழி கொடுத்து ஜபம் செய்தாள், அந்த ஜபத்திலும் ஒரு புட்டி கோலா குடித்து ஏப்பம் விட்டாள். கால் கறுத்து நாறிய பிறகுதான் வண்டியில் ஏற்றினேன். அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டரம்மா. ரத்தம் பார்த்துவிட்டுக் கருவி கெட்டுப்போய்விட்டதா என்று இன்னொரு தடவை பார்த்தார். தினமும் என்ன குடிக்கிறார் என்று கேளுங்கள் என்றார். கேட்டேன்.

"வீட்ல இருக்கறத."

வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கச் சொன்னார்.

"அவர் கொண்டு வர்றது" என்றாள் அக்கா.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. நான் புரியவைக்க ஆரம்பித்தேன், புனல், கேன், வார்த்தை என்று. பாதியில் நிறுத்திவிட்டேன், ஏனென்றால் மச்சானுக்குப் புரிந்துவிட்டது. மடியில் வைத்திருந்த தொப்பி கீழே விழுந்தது, அவர் எடுக்கவில்லை. ஊர் ஊராகப் பேசிய வாய். அன்றைக்கு அதிலிருந்து ஒரு சத்தம்தான் வந்தது. அழுகை என்றும் சொல்ல முடியாது. சாராயக் காலத்தில் அக்காவை அடித்தபோது வராத கோபம் எனக்கு அன்றைக்கு வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கண்ணும் மங்கலாகிவிட்டது, நூல் எது இடைவெளி எது என்று தெரியாமல், இடுப்பில் கட்டி நெய்கிற தறியைச் சுற்றி வைத்துவிட்டாள். மச்சான் பெண் கேட்கப் போவதை விட்டார். கேனையும் புனலையும் அடுப்பில் போட்டு எரித்தார், வீடெல்லாம் பிளாஸ்டிக் புகை. அக்காவைச் சின்ன நாற்காலியில் உட்காரவைத்து, விறகு சுமக்கிற நெற்றிப்பட்டையில் கட்டி, முதுகில் சுமந்து வெளியே கொண்டுபோவார், வெயிலில் வைப்பார், மறுபடி சுமந்து உள்ளே கொண்டுவருவார். இரண்டு கால்களும் நன்றாக இருந்தன அவருக்கு.

இந்த மார்ச் மாதம் லோஷாவைப் பெண் கேட்டு வந்தார்கள். பையன் பெதுல், பூப்பண்ணையில் கூட வேலை செய்கிறவன். லோஷாவுக்கு அவன் மேல் உயிர், ஊருக்கே தெரியும். பேசுவதற்கு அந்த்ரேஷ் என்ற பெரியவரைக் கூட்டிவந்திருந்தார்கள். மச்சான் விட்ட இடத்தை இப்போது பிடித்திருப்பவர் அவர். பையனின் அப்பா, சித்தப்பா, மாமன் என்று கூட மூன்று பேர். பெட்டிகளை என் வண்டியில்தான் ஏற்றிவந்தேன். நான் பெண்ணுக்குத் தாய்மாமன், ஆனால் வண்டி ஓடினால்தானே சோறு.

பேச்சு நடந்தது. மச்சான் மாட்டேன் என்றார், மகளை மட்டம் தட்டினார், ஆனால் முன்பு மாதிரிச் சுவாரஸ்யம் இல்லை. வெயில் ஏறும் நேரத்தில் கையை நீட்டிக் கிண்ணத்தை வாங்கி ஒரு வாய் குடித்தார். அடுப்படியில் நின்ற லோஷா முகத்தைத் துணியால் மூடிக்கொண்டாள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. கிண்ணம் வந்தவர்களைச் சுற்றி வர ஆரம்பித்தது. அந்த்ரேஷ் வாங்கினார், உதட்டில் தொட்டார், வலைப்பையிலிருந்து புனலை எடுத்தார். கேனில் ஊற்றினார். அடுத்தவரும் புனலை எடுத்தார். அதற்கடுத்தவரும். நான்கு பேரும் புனலும் கேனுமாக உட்கார்ந்திருந்தார்கள். மலை முழுக்க ஆண்களுக்குச் சர்க்கரை, மத்தேஷ் கால் பிழைத்த கதையும் மலை முழுக்கத் தெரியும். மச்சானைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம் என்று அந்த்ரேஷ் மரியாதையாகச் சொல்லவும் செய்தார்.

மூலையில் நாற்காலியில் இருந்த அக்காவுக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆனால் புனலில் இறங்குகிற சத்தம் அவளுக்குத் தெரியாதா? தலையைத் தூக்கினாள்.

"அந்த்ரேஷ் அண்ணே, அந்தக் கேன் யாரு வீட்டுக்குப் போகுது?"

பெண் கேட்கும் பேச்சுக்கு நடுவில் ஒரு பெண் பேசி நான் பார்த்ததில்லை. அந்த்ரேஷ் மச்சானைப் பார்த்தார். மச்சான் தரையைப் பார்த்தார்.

"என் வீட்டுக்குத்தான் தாயி. வேற எங்க?"

"வீட்ல யாரு குடிக்கறா?"

"என் வீட்டுக்காரி லூச்சா குடிப்பா. அவளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கா."

"நானும் அப்படித்தாண்ணே இருந்தேன்."

பையனின் மாமன் புனலைக் கீழே வைத்தான். அக்கா, "லோஷா அப்பா, என்னை வெளிய தூக்கிட்டுப் போங்க. அந்தக் கேனுங்களையும் எடுத்துட்டு வாங்க" என்றாள். எதற்கு என்று எல்லோருக்கும் புரிந்தது. முதலில் ஓடிவந்தது லோஷாதான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம், என் கல்யாணத்து வார்த்தை அதில் இருக்கிறது என்று அழுதாள். அந்த்ரேஷும் அதையேதான் சொன்னார், மகள் வாழ்க்கையை யோசிக்கச் சொன்னார். அக்கா மகள் கையைத் தடவிக்கொடுத்தாள்.

"பாவம் வந்தா உனக்கு வராதுடி. கொட்டறது நான், என் காலுக்கு வரட்டும். இன்னும் ஒண்ணு இருக்குல்ல."

மச்சான் நெற்றிப்பட்டையை மாட்டினார். அவளைச் சுமந்துகொண்டு வாசலுக்குப் போனார். கேன்களை நான் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன், பயந்துகொண்டேதான். அவர் முதுகில் உட்கார்ந்தபடியே அவள் ஒவ்வொன்றாக வாங்கிக் கவிழ்த்தாள். புழுதியில் நுரைத்துவிட்டு அடங்கியது. எறும்புகள் வந்தன. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

உள்ளே வந்ததும் அந்த்ரேஷ் தயங்கித் தயங்கி, அப்படியானால் பெண் கொடுத்ததா இல்லையா என்று கேட்டார். பாவம், அவர் வேலை அது.

"குடுத்தாச்சு. வீட்டுத் தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள் அக்கா.

லோஷா குடத்தைச் சாய்த்துப் பார்த்தாள். தண்ணீர் இல்லை. குழாயைத் திறந்தாள், உஸ் என்று காற்று வந்தது. மச்சான் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினார். மழை இல்லாத மாதம், ஊற்று சொட்டுச் சொட்டாகத்தான் விழும். நாங்கள் காத்திருந்தோம். வெயில் உச்சிக்கு வந்தது, நாக்கு ஒட்டியது, பெதுலின் சித்தப்பா எச்சில் விழுங்குவது எனக்குக் கேட்டது. எங்களுக்கு முன்னால் மிச்சக் கோலாப் பெட்டிகள் மூடி திறக்காமல் அடுக்கியிருந்தன. யாரும் தொடவில்லை.

மச்சான் வந்தார். கலங்கலான தண்ணீர், அதைக் காய்ச்சி, ஆறவைத்து, துணியில் வடிகட்டி எடுத்தாள் லோஷா. அந்த்ரேஷ் எழுந்து, அதன் மேலும் முழு வார்த்தையையும் சொல்லி, கிண்ணத்தைச் சுற்றிவிட்டார். அவர், பையனின் அப்பா, சித்தப்பா, மாமன், மச்சான், நான் என்று வயதுப்படி குடித்தோம். எல்லோருக்கும் நல்ல தாகம், யாரும் புனலை எடுக்கவில்லை. வழக்கப்படி அக்காவுக்குக் கடைசியில்தான் வந்தது, அரைக் கிண்ணம்தான் மிஞ்சியிருந்தது.